ஆயுள் உள்ளவரை மாதாமாதம்

மேசா, அரிசோனா
அக்டோபர் 8, 2009

தம்பி நார்பர்ட்,

போனில் பேசலாமென்றால் என் குரல் கேட்டதும் டக்கென்று வைத்துவிடுகிறாய். அப்பாவை அடக்கம் செய்த நாளிலிருந்து இந்தக் கதைதான். அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி.

ஊரிலிருந்து மார்செல்லா போனில் பேசினாள். "உன் தம்பி மொத்தப் பணத்தையும் அந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட் கிளிஃப் ரெனியே கையில தூக்கிக் கொடுத்துட்டான், தெரியுமா? திங்கட்கிழமைதான் பாலிசிக் கட்டு வந்துச்சாம், மாதா கோவில் வாசல்ல நின்னு எல்லார்கிட்டயும் காட்டுறான்" என்றாள்.  கப்பல் பட்டறையில் நீ வெல்டிங் பொறியில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு, சம்பளத்தில் பிடித்துப் பிடித்து, வரிகூடப் போடாமல் அரசாங்கமே காத்துவைத்த ஓய்வுக்காலக் கணக்கு அது. அதைக் காலிசெய்து, மொத்தமாகக் கட்டினால் மாதாமாதம் தருவதாகச் சொல்கிற ஆன்யுட்டியை வாங்கிவிட்டாயா? அவன் பாலிசி விற்கக் கூப்பிட்டுப் போட்ட ஒரு ஸ்டேக் சாப்பாட்டுக்கா? ஓசிச் சாப்பாடு போடுகிறவன் இலையை எண்ணாமல் போடமாட்டான், நார்பர்ட்.

அந்தக் கிளிஃப் பூசையில் பாடுகிறான் என்பதற்காக நல்லவனாகிவிடமாட்டான். அவன் அப்பன் மாடு விற்ற லட்சணம் உனக்கே தெரியும், பல்லைப் பிடித்துப் பார்க்க விடமாட்டான்.

ஒன்று சொல்கிறேன். பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கலாம், ஒரு காசு பிடிக்கமாட்டார்கள். அதைத் தாண்டினால் சிக்கினாய். என் வீட்டுக்காரர் லீலண்ட் இருந்தபோது நாங்களும் இப்படி ஒன்று வாங்கினோம். அவருக்குப் புற்றுநோய் வந்து பணத்தைக் கேட்டபோது, "பாதியில சரண்டர் பண்ணினா இவ்வளவு பிடிப்போம்" என்று ஒரு பெரிய துண்டை வெட்டிக்கொண்டுதான் கொடுத்தார்கள். நவம்பர் நான்காம் தேதி உன் கெடு. மறக்காதே.

அக்கா ஒடீல்

*

ரோஸியர், விஸ்கான்சின்
அக்டோபர் 13

திருமதி ஒடீல் அவர்களுக்கு,

கிறிஸ்துமஸ் கார்டில் கையெழுத்துக்கு மேல் ஒரு வரி எழுத உங்களுக்கு மனசு வந்ததில்லை. பணம் கை மாறியது என்றதும் இரண்டு பக்கம் எழுத வருகிறது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம்.

ஸ்டேக் நன்றாகவே இருந்தது. கூடவே ஒரு பிராந்தியும் கொடுத்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் இந்நேரம் என் கணக்கு எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? மூன்று லட்சம் டாலருக்கு மேல் இருந்தது, சந்தை சரிந்ததும் இரண்டு லட்சத்துக்கு வந்து நின்றது. நான் எதுவும் செய்யவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தேன், நியூயார்க்கில் எவனோ என் பணத்தை அழித்தான். வரிச்சலுகையாம்! இருக்கிற பணத்துக்குத்தானே சலுகை, போன பணத்துக்கு யார் சலுகை தருவார்? கிளிஃப் சொன்னது எனக்குப் புரிந்தது. "நார்பர்ட், சந்தை எக்கேடோ கெட்டுப் போகட்டும். நீங்க மூச்சு விடுற வரைக்கும் மாசாமாசம் செக் வரும். அதுவும் வரி கட்டாமயே வளரும்." எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

உங்கள் கவலை என்னவென்று எனக்குத் தெரியாதா? எனக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. பணம் கணக்கில் கிடந்தால், நான் கண்ணை மூடியதும் மிச்சம் யாருக்கு வரும்? ரத்த சம்பந்தம் ஒரே ஒருத்திதான். ஆன்யுட்டியில் போட்டால் என்னோடு போச்சு. வயிறு எரியத்தான் செய்யும்.

இன்னொன்று. ஆயுள் உள்ளவரை தருகிறேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு அதை எப்படித் தருவது என்று உங்களிடம் யாரும் பாடம் கேட்கவில்லை. அப்பாவுக்கு நீங்கள் எழுதிக்கொடுத்த பத்திரத்தை நான் மறக்கவில்லை.

நா. மஸார்

*

மேசா
அக்டோபர் 17

டேய் நார்பர்ட்,

திருமதியாம், அவர்களாம். உன் மூக்கைத் துடைத்துவிட்டவள் நான்.

உன் மிச்சம் எனக்கு வேண்டாம். கோவிலுக்கு எழுது, மார்செல்லாவின் பூனைகளுக்கு எழுது, எனக்கென்ன வந்தது? நான் கேட்பது வேறு. மூன்று கேள்வி, போய்க் கிளிஃப்பிடம் கேள். முதல் செக் எந்த மாதம் வரும்? பாதியில் பணம் தேவைப்பட்டால் எத்தனை வருஷத்துக்கு வெட்டுவார்கள்? இதை விற்றதில் அவனுக்கு எவ்வளவு?

வரி கட்டாமல் வளரும் என்றானாம்! உன் பழைய கணக்கிலும் அது வரி கட்டாமல்தானே வளர்ந்தது? எடுக்கிறபோதுதான் வரி, அங்கேயும் அதே, இங்கேயும் அதே. கூரைக்குக் கீழே நிற்கிறவனுக்குக் குடை விற்றிருக்கிறான். நீயும் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். திருப்பிக் கொடுத்தால் மொத்தப் பணத்துக்கும் வரி விழும் என்று அடுத்தபடி பயமுறுத்துவான், பார். கெடுவுக்குள் திருப்பினால் பணம் அதே மாதிரிக் கணக்குக்கே போகும், வரியும் இல்லை, ஒன்றும் இல்லை. சூடு கண்டவள் சொல்கிறேன்.

சந்தை விழுந்தது நிஜம். அதற்காக எண்ணெய்ச் சட்டிக்குப் பயந்து அடுப்பில் விழுவார்களா?

அப்பாவைப் பற்றி நீ எழுதியது. அதை நேராக எழுது. ஆயுள் உள்ளவரை தருகிறேன் என்று எழுதிக்கொடுத்து நான் எதைத் தரவில்லை? சுற்றி வளைக்காதே.

இங்கே இன்னும் வெயில் கொளுத்துகிறது. பகலில் ஏசியை அணைத்துவிட்டுத் திண்டாடினாலும், சாயங்காலம் கார் கொட்டகையில் உட்கார்ந்தால் கொஞ்சம் காற்று வரும். இதை அங்கேதான் எழுதுகிறேன். என் மகள் ஜெனலும் மாப்பிள்ளையும் சாப்பிட்டு எழுந்ததும் உள்ளே போகவேண்டும்.

ஒடீல்

*

ரோஸியர்
அக்டோபர் 22

அக்காவுக்கு,

நேராகக் கேட்டாய், நேராக எழுதுகிறேன்.

பண்ணையை உனக்கும் லீலண்டுக்கும் அப்பா எழுதிவைத்தபோது பராமரிப்புப் பத்திரம் எழுதியது உன் கை. மாடி அறை, வருஷத்துக்கு நாலு வண்டி விறகு, பாதிப் பன்றி, உருளைக்கிழங்கு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வண்டி, மாசம் இருபது டாலர், ஆயுள் உள்ளவரை. நம் பக்கத்தில் பாதி வீட்டில் இப்படித்தான் பண்ணை கை மாறியது. சரி. ஆனால் அப்பா தொண்ணூற்று மூன்று வயதுவரை இருப்பார் என்று நீங்கள் எதிர்பார்க்கவில்லை.

அந்தக் கடைசி ஜனவரியில் நான் வந்தேன். வெளியே மூக்கு உதிர்ந்துவிடும் குளிர். அப்பா அறையில் அடுப்பு செத்துக் கிடந்தது. கம்பளிக்குள்ளிருந்து, "எனக்குக் குளிரலைப்பா, நீ போய்ச் சாப்பிடு" என்றார். உதடு நீலமாக இருந்தது. கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். நாலு வண்டி விறகு அடுக்கினது அடுக்கினபடி இருக்கிறது. அதில் பத்துக் கட்டைகூடக் குறைந்திருக்காது. பிப்ரவரியில் போய்விட்டார்.

விறகை மிச்சம் பிடித்தாய் ஒடீல். அதை நான் கேட்டேன், நீ வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை.

நான் ஏன் ஆன்யுட்டி வாங்கினேன் என்று இப்போது புரிகிறதா? மாசாமாசம் கொடுக்க வேண்டியவன் நம் சாவை எண்ணிக்கொண்டுதான் இருப்பான், அது கம்பெனியாக இருந்தாலும் சரி, பெற்ற மகளாக இருந்தாலும் சரி. ஆனால் கம்பெனிக்காரனுக்கு என் முகம் தெரியாது. மாடியில் நான் இருமுவது அவன் காதில் விழாது. "இன்னுமா இருக்கான்" என்று அவன் என் முகத்துக்கு நேராகப் பார்க்கமாட்டான். எனக்கு அது போதும்.

உன் மூன்று கேள்வியைக் கிளிஃப்பிடம் போனில் கேட்டேன். "செக் எப்ப வேணும்னு நீங்க சொல்றீங்களோ அப்ப வரும் நார்பர்ட், எல்லாம் உங்க கையிலதான்" என்றான். திருப்பினால் வரி விழும் என்றும் சொன்னான். நீ சொன்ன அதே வார்த்தை. நீங்கள் இருவரும் பேசிவைத்துக்கொண்டீர்களோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

நார்பர்ட்

*

மேசா
அக்டோபர் 26

நார்பர்ட்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் ஓடவில்லை. கெடு நெருங்குகிறது, அதனால் அழுதது போதும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த ஜனவரியில் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? நீ திறக்கவிட்டாயா? அடுப்படியில் லீலண்ட் முன்னால், என் பிள்ளை முன்னால், "கொலைகாரி" என்றாய். அதற்கப்புறம் என்ன சொன்னாலும், திருடன் சொல்கிற சமாதானம் மாதிரித்தானே இருக்கும்? அதையும் மீறி எனக்குக் கோபம். இவன் என்னை அப்படி நினைக்கிறவனானால் நினைத்துச் சாகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுப்பை அணைத்தது அப்பா.

எண்பத்து மூன்று, எண்பத்து நான்கு வயது இருக்கும்போது ஒருநாள் என்னை மேலே கூப்பிட்டார். "ஒடீல், பண்ணை என்ன விலை பெறுமோ அதைப் போட்டுப் பார்த்தேன். விறகு, பன்றி, பணம் எல்லாம் கழிச்சேன். இந்த வருஷத்தோட என் கணக்குத் தீந்துபோச்சு. இனிமே நான் சாப்பிடறது உன் புருஷனோட சோறு" என்றார். "என்னப்பா பேச்சு இது, பத்திரத்துல ஆயுள் உள்ளவரைன்னு இருக்கு" என்றேன். சிரித்தார். "பத்திரம் எழுதினப்போ இவ்வளவு நாள் இருப்பேன்னு சொல்லலையேம்மா" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. முதலில் வண்டி வேண்டாமென்று பூசைக்கு நடந்தார். பிறகு இருபது டாலரை வாங்க மறுத்தார். பன்றிக்கறியை வைத்தால் பல்லில்லை என்பார். கடைசி இரண்டு குளிர்காலம், நான் போய் அடுப்பை மூட்டுவேன், நான் கீழே இறங்கினதும் கிளறி அணைத்துவிடுவார். லீலண்ட் கெஞ்சினார். கோவில் ஃபாதர் வந்து சொல்லிப் பார்த்தார். "எனக்குக் குளிரலை" என்ற ஒரே பதில். மனுஷன் உயிரோடு இருப்பதற்கே வெட்கப்பட்டார், நார்பர்ட். என் வீட்டில், என் கண்ணெதிரே. அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு நீ என்ன கொடுக்க முடியும்?

நம்பினால் நம்பு. நம்பாவிட்டால் போ.

ஆனால் இதைக் கேட்டுக்கொள். நீ சொன்னது சரிதான். முகம் தெரியாதவன் தருகிற செக்கில் வெட்கம் இல்லை. நான் ஆன்யுட்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. கிளிஃப் விற்ற இந்த ஆன்யுட்டி வேண்டாம் என்கிறேன். இந்த மாதம் பணம் கட்டினால் அடுத்த மாதமே செக் வருகிற சாதாரணப் பாலிசி இருக்கிறது, அதில் ஏஜென்டுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, அதனால் ஸ்டேக்கும் கிடைக்காது. அதில் பாதியைப் போடு. மீதி கணக்கிலேயே கிடக்கட்டும், ஆஸ்பத்திரிக்கு ஆகும். அவனை நாலு பேர் முன்னால் கேள். போனில் கேட்டால் வழுக்குவான்.

காகிதம் ஒரு மாதிரி இருக்கிறதே என்று பார்க்காதே, கோவில் அறிவிப்புத் தாளின் பின்பக்கம். வீணாகப் போவானேன் என்று எடுத்துவைப்பேன்.

ஒடீல்

*

ரோஸியர்
நவம்பர் 2

அக்கா,

பாலிசியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பதிவுத் தபால், ரசீது பையில் இருக்கிறது.

நேற்றுக் கோவிலில் பூயா சூப் விருந்து. ஊரே அண்டாவைச் சுற்றி நின்றது. கிளிஃப் கரண்டி பிடித்துக் கோழியும் மாட்டுக்கறியுமாக எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தான். என் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே கேட்டேன்.

"கிளிஃப், எனக்கு அடுத்த மாசமே செக் வேணும்."

"அடுத்த மாசமா? அப்படி எடுத்தா கம்பெனி மேல போட்டுத் தர்ற போனஸ் போயிடுமே நார்பர்ட். ஒரு பத்து வருஷம் பொறுத்தீங்கன்னா தொகை எப்படி ஏறும் தெரியுமா?"

"பத்து வருஷம் கழிச்சு எனக்கு எழுபத்தாறு. என்கூட வெல்டிங் பண்ணவங்க பாதிப் பேர் அந்த வயசுக்கு முன்னாடியே மண்ணுக்குள்ள போயிட்டாங்க."

"சாப்பாட்டு நேரத்துல இதெல்லாம்..."

"நீ வித்ததே சாப்பாட்டு நேரத்துலதானே! சரி, நடுவுல எனக்குப் பணம் வேணும்னா?"

"பத்து வருஷத்துக்குக் கொஞ்சம் பிடிப்பாங்க. வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வரும்."

"உனக்கு எவ்வளவுடா கிடைச்சுது?"

"அது கம்பெனி தர்றது. உங்க பணத்துலேர்ந்து ஒரு பைசா போகாது."

"கம்பெனிக்கு யாரு தர்றா, மாதாவா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பக்கத்துப் பண்ணை ஆர்மண்ட் சிரிக்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நேராகக் காருக்குப் போனான். அவனும் கிளிஃப் போட்ட அந்த ஸ்டேக் சாப்பாட்டுக்கு வந்தவன்தான். இன்று காலை தபால் நிலையத்தில் அதே மாதிரிக் கட்டோடு எனக்கு முன்னால் நின்றான், இரண்டு பேரும் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டோம்.

ஆக, கிளிஃப் விஷயத்தில் நீ சொன்னது சரி.

அப்பா விஷயம். முதலில் நம்பவில்லை. நன்றாகக் கதை கட்டியிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பூயா முடிந்ததும் மார்செல்லாவைக் கேட்டேன். "ஊருக்கே தெரியுமே நார்பர்ட். பனியில நடந்து வர்றவரை வண்டியில ஏத்தப்போனா, 'என் பங்கு தீந்துபோச்சும்மா'ன்னு சொல்லுவாரு. உனக்கு யாரும் சொல்லலையா?" என்றாள். யார் சொல்வார்கள்? நான்தான் எவரையும் வாய் திறக்க விட்டதில்லையே. அதற்கு மேல் என்னால் எழுத வரவில்லை.

ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம் வந்துவிட்டது. உன் கடிதங்களை எடுத்து வைத்து மறுபடி படித்தேன். பகலில் ஏன் ஏசியை அணைக்கிறாய்? கார் கொட்டகையில் ஏன் உட்காருகிறாய்? அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு ஏன் உள்ளே போகிறாய்? ஒரு வெள்ளைத் தாள்கூட வாங்கமாட்டாயா? பண்ணை விற்ற பணம் எங்கே? மறைக்காமல் எழுது.

நார்பர்ட்

*

மேசா
நவம்பர் 7

தம்பி,

திருப்பி அனுப்பினாயே, அதுவே போதும், நிம்மதி. கிளிஃப் முகத்தைப் பார்க்க நான் அங்கே இல்லாமல் போனேனே!

என்னைப் பற்றி ஒன்றும் கிளறாதே. லீலண்டின் வைத்தியம் போக மிஞ்சியதை ஜெனலிடம் கொடுத்தேன், எனக்கென்று ஓர் அறை சேர்த்துக் கட்டினாள். பத்திரம் கித்திரம் எதுவும் வேண்டாமென்று நான்தான் சொன்னேன். அவள் தங்கமான பெண். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. மாப்பிள்ளை கர்ட்டுக்கு வேலை போய் எட்டு மாதமாகிறது, கரண்ட் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான், வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டான். நானாகப் பார்த்து நடந்துகொள்கிறேன். அந்த அறை கட்டிய பணத்துக்கு நான் இருந்தாகிவிட்டது என்று தோன்றுகிறது, அவ்வளவுதான். பிள்ளைகள் முதலில் சாப்பிடட்டுமே, என்ன குறைந்துவிடும்? வயசானால் பசியும் குறைந்துவிடுகிறது.

வெயில் எனக்குத் தெரிவதே இல்லை. பழகிவிட்டது.

அக்கா

*

ரோஸியர்
நவம்பர் 14

அக்கா,

உன் கடைசிக் கடிதத்தைப் படித்துவிட்டு மேசையை ஓங்கிக் குத்தினேன், காப்பி கொட்டிவிட்டது. அப்பா மகள்! அவர் சொன்னதையே சொல்கிறாய், குளிருக்குப் பதில் வெயில், அவ்வளவுதான். உனக்கே தெரியவில்லையா? தெரிந்துதான் எழுதினாயா? எதுவானாலும் நான் இரண்டாம் தடவை ஏமாறப்போவதில்லை.

பணம் கணக்குக்குத் திரும்பி வந்துவிட்டது. வரி விழவில்லை. கிரீன் பே நகருக்குப் போய் நீ சொன்ன சாதாரணப் பாலிசியை விசாரித்தேன். ஏஜென்ட் இல்லை, சாப்பாடு இல்லை, காப்பிக்கே நான்தான் காசு கொடுத்தேன். ஒரு பெண் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். பாதியைப் போட்டால் ஜனவரியிலிருந்து செக். நான் ஒருத்தன் மட்டும் என்றால் ஒரு தொகை. இரண்டு உயிர் மேல் எழுதினால், அதில் யார் மிஞ்சியிருந்தாலும் அவர் கண் மூடும்வரை வந்துகொண்டே இருக்கும், தொகை மாசம் எண்பது டாலர் குறையும். "மனைவியா?" என்று கேட்டாள். "அக்கா, என்னைவிட மூத்தவள்" என்றேன். "அதுக்கென்ன, எழுதலாமே" என்றாள்.

எழுதச் சொல்லிவிட்டேன்.

நான் இருக்கும்வரை செக்கில் பாதி உன் வங்கிக்குத் தானாகப் போகும். நான் அனுப்பாமல் டபாய்ப்பேன் என்று உனக்குத் தோன்றும், எனக்குத் தெரியும், அதனால்தான் வங்கியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் போனால் முழுதும் உனக்கு. நீ முந்திக்கொண்டால் முழுதும் எனக்கு, ஆகவே நான் உன் சாவை எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று தாராளமாகச் சந்தேகப்படு. உன்னால் என்னைப் பட்டினி போட முடியாது, என்னால் உன்னை முடியாது. நாம் இரண்டு பேரும் எவ்வளவு நாள் இருந்தாலும் நஷ்டம் அந்தக் கம்பெனிக்குத்தான். அவர்கள் கட்டடம் ஏழு மாடி, அக்கா. நானே பார்த்தேன், தாங்கும்.

முதல் பணம் வந்ததும் கரண்டுக்கு உன் பங்கைக் கர்ட் கையில் கொடு. அன்றைக்கு முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடு.

உன் பிறப்புச் சான்றிதழின் நகல் வேண்டும், உடனே அனுப்பு. கோவில் தாளின் பின்பக்கத்தில் எடுத்துத் தொலைக்காதே. நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற வயசு இல்லை, நிஜ வயசு. முத்திரை தெளிவாகத் தெரியவேண்டும், உன் வாய்ச்சொல்லை நான் நம்பமாட்டேன்.

தம்பி நார்பர்ட்